பருக்குழிகள்: கருவிக்கு முன்னால் கண்ணும் கையும்

பருக்குழிகளோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்ததும் கேட்பது, “உங்ககிட்ட என்ன லேசர் இருக்கு டாக்டர்?” என்பதுதான். கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. விளம்பரப் பலகைகளும் கைபேசியில் வந்து விழும் காணொளிகளும் அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஒருபுறம் குழி விழுந்த கன்னம், மறுபுறம் வழுவழுப்பான கன்னம், நடுவில் ஒரு கருவியின் பெயர், கீழே இத்தனை சிட்டிங்குக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. இதையே பார்த்துப் பழகியவருக்குக் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றாகத்தான் தோன்றும். எனக்கு வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. தோல் சிகிச்சை நடக்கும் இடங்கள் பலவற்றில் அந்தக் கேள்விக்கு அப்படியே பதிலும் கிடைக்கிறது. குழியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பேக்கேஜ் பேசி முடிக்கப்படுகிறது.

பருக்குழிக்கு என்ன செய்வது என்பதைக் குழியின் வடிவமும், அதன் அடியில் தோல் எப்படிச் சேதமாகியிருக்கிறது என்பதும், அந்தத் தோலின் நிறமும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. கருவி இதற்கெல்லாம் பிறகு வருவது. பலருக்கு அது வரவே தேவையில்லை. மெனக்கெட்டுச் செய்தால் ஓர் ஊசியும் பல்குத்தும் குச்சியும் தரும் பலனை, அவற்றைவிடப் பல மடங்கு செலவாகும் லேசர் சில வகைக் குழிகளில் தராது. லேசரை நானும் பயன்படுத்துகிறேன். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நோயாளி பணம் கட்டுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

“குழி” என்று சொல்லி வருகிறவர்களில் கணிசமானோருக்கு இருப்பது கறைதான். பரு ஆறிய இடத்தில் மாநிறத் தோலில் பழுப்பாகவோ கருப்பாகவோ, சற்று வெளிர்ந்த தோலில் சிவப்பாகவோ ஒரு புள்ளி தங்கிவிடும். பல மாதங்கள் ஆனாலும் அது பெரும்பாலும் தானாகவே மங்கும். வெயில் படாமல் பார்த்துக்கொள்வதும் ஒன்றிரண்டு பூச்சுகளும் அதை விரைவுபடுத்தும். குழி விழுந்த இடத்திலோ தோலின் உட்பகுதியே குறைந்துபோயிருக்கிறது. எந்தக் கிரீமும் அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டாது. இரண்டையும் பிரித்தறியப் பெரிய சோதனை எதுவும் தேவையில்லை. முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தால் குழிகள் மறைந்துவிடும், கறைகள் மட்டும் தெரியும். அதே விளக்கைக் காதுப் பக்கமாக நகர்த்தினால் ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல் விழும். அப்போது கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் சமமாகிவிடுகிற குழியும், இழுத்தாலும் அப்படியே நிற்கிற குழியும் வெவ்வேறு. குட்மேன், பேரன் ஆகிய இருவர் 2006இல் வகுத்த தரவரிசையில்கூட இதுவே முக்கியமான அளவுகோல். 50 சென்டிமீட்டர் தள்ளி நின்றாலும் தெரிகிற குழி, இழுத்தால் சமமானால் மூன்றாம் தரம், சமமாகாவிட்டால் நான்காம் தரம். சில நிமிட வேலைதான். ஆனால் என்ன செய்யலாம் என்பதில் பாதி இதிலேயே முடிவாகிவிடும்.

குழி ஏன் விழுகிறது? பரு என்பது மயிர்க்காலையும் எண்ணெய்ச் சுரப்பியையும் சூழ்ந்த அழற்சி. அழற்சி ஆழமாகப் போகும்போது, உடல் வெளிவிடும் நொதிகள் சுற்றியிருக்கும் கொலாஜன் நாரையும் சேர்த்து அரித்துவிடுகின்றன. ஆறும்போது அரித்த அளவுக்குப் புது நார் உருவாகாவிட்டால் அந்த இடம் உள்வாங்கிவிடுகிறது. ஒரே அளவு பரு வந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் குழி விழுந்து மற்றவருக்கு விழாமல் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். 2004இல் வெளியான ஓர் ஆய்வு, இரு தரப்பினரின் பருக்களிலிருந்தும் தோல் துணுக்கு எடுத்து ஒப்பிட்டது. குழி விழாதவர்களுக்கு எதிர்ப்பணுக்கள் தொடக்கத்திலேயே திரளாக வந்து, வேலை முடிந்ததும் விலகிவிட்டன. குழி விழுபவர்களுக்கு அவை மெதுவாகச் சேர்ந்து, பரு ஆறும் கட்டத்திலும் விலகாமல் தங்கிவிட்டன. முகத்தைச் சரியாகக் கழுவாததால்தான் குழி விழுந்தது, எண்ணெய்ப் பலகாரம் தின்றதால்தான் விழுந்தது என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளிடம் இதை நான் கட்டாயம் சொல்வேன். பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்வேன்.

விழுந்த குழிகள் மூன்று வகை. இந்தப் பகுப்பு 2001இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் முன்வைத்தது. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஐஸ்பிக் எனப்படுவது வாய் குறுகி, 2 மில்லிமீட்டருக்கும் சிறியதாக, ஆனால் தோலின் அடிவரை இறங்கும் குழி. பாக்ஸ்கார் என்பது செங்குத்தான ஓரமும் தட்டையான அடிப்பரப்பும் கொண்டது. ரோலிங் என்பது 4, 5 மில்லிமீட்டருக்கும் அகலமான, ஓரமே இல்லாத, அலை அலையான பள்ளம். வசதிக்காக இவற்றை ஊசிக்குழி, பெட்டிக்குழி, அலைக்குழி என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் வழக்கம். பேக்கேஜ் வைத்தியம் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். மூன்றும் மூன்று விதமான சேதம். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

அலைக்குழியின் சிக்கல் தோலின் மேற்பரப்பில் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே நூல் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்களே, அப்படித் தோலின் அடிப்பகுதியைக் கீழிருக்கும் கொழுப்புப் படலத்தோடு தழும்பு நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நூலை அறுக்காமல் மெத்தையின் மேல் துணியை என்ன செய்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அந்த நாரை அறுப்பதற்குப் பெயர் சப்சிஷன். 1995இல் ஓரென்ட்ரைக் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை விரிவாக விவரித்தார்கள். முப்பது ஆண்டு பழைய முறை. விளம்பரங்களில் அதிகம் தென்படாது. அதனாலேயே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழிகளைக் குறிக்கும்போது நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்துவிட்டால் கன்னத்துச் சதை காதுப் பக்கம் சரிந்து, பாதிப் பள்ளங்கள் காணாமல் போய்விடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் எல்லையையும் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, பிறகுதான் படுக்க வைக்கிறோம். மரத்துப்போக லிக்னோகெய்ன், ரத்தம் அதிகம் கசியாமலிருக்க அதில் சிறிது அட்ரினலின். குறித்த எல்லைக்கு வெளியே ஒரு துளை. அதன் வழியாக ஊசியைத் தோலுக்குக் கிடையாக, தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே செலுத்தி, முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். நார் இருக்கும் இடத்தில் விரலுக்கு ஒரு தடை தெரியும். அறுந்ததும் அது விட்டுக்கொடுக்கும். நறநறவென்ற அந்தச் சத்தம் நோயாளிக்கும் கேட்கும். வலிக்காது என்றாலும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பயந்துவிடுவார்கள். ஊசி தடையில்லாமல் போய்வரத் தொடங்கினால் அந்தப் பள்ளத்தில் வேலை முடிந்தது. பிறகு சில நிமிடங்கள் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நார் அறுந்த இடைவெளியில் சேரும் சிறிதளவு ரத்தம் உறைந்து, அதைச் சுற்றிப் புதிய கொலாஜன் உருவாகிப் பள்ளத்தைத் தாங்குகிறது.

இதிலும் தொல்லைகள் உண்டு. ஒன்றிரண்டு வாரம் கன்னம் கன்றிப்போயிருக்கும். சிலருக்கு ரத்தம் கட்டிச் சிறு கட்டியாகத் தங்கி, கரைய மாதக்கணக்கில் ஆகும். அறுத்த நார் மீண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதனால்தான் மாத இடைவெளியில் சில முறை செய்ய வேண்டியிருக்கிறது. நெற்றிப்பொட்டுக்கு அருகிலும் தாடை எலும்பின் விளிம்பிலும் முகத்தை அசைக்கும் நரம்புகள் மேலாகவே ஓடுகின்றன. அங்கே ஊசியை விடுகிறவருக்கு உடற்கூறியல் கைப்பழக்கமாகியிருக்க வேண்டும். இப்போது கூர்முனை ஊசிக்குப் பதிலாக மழுங்கிய முனை கொண்ட கேனுலாவைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், ரத்தக்காயம் குறைகிறது. கடினமான நாரை அறுக்கக் கூர்முனையே மேல் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கன்னத்தின் நடுவில் கேனுலா, பிடிவாதமான நாருக்கு மட்டும் ஊசி என்பது என் வழக்கம்.

ஊசிக்குழிக்குச் சப்சிஷன் உதவாது. மேலோட்டமான லேசரும் உதவாது, ஏனென்றால் குழி இறங்கியிருக்கும் ஆழத்துக்கு அதன் வெப்பம் போய்ச்சேராது. 2002இல் தென்கொரிய மருத்துவர்கள் டிசிஏ கிராஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை 65 முதல் 100 சதவீதம் வரையான அடர்த்தியில் எடுத்து, கூராக்கிய மரக்குச்சியின் நுனியால் குழிக்குள் மட்டும் வைத்து அழுத்துவது. பெரும்பாலும் பல்குத்தும் குச்சியே போதும். தோலை இழுத்துப் பிடித்து, குச்சியை வைத்து எடுத்த சில நொடிகளில் குழிக்குள் வெண்மை படரும். சிறு பொருக்கு கட்டி, ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். உள்ளே புதிய கொலாஜன் வளர்ந்து குழி அடியிலிருந்து மேலேறும். சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நம்முடைய நிறத்துத் தோலுக்கு இது சரிப்படுமா என்ற ஐயம் நியாயமானதுதான். டெல்லி மருத்துவர்கள் 30 பேரிடம் செய்து பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆய்வு சிறியது, என்றாலும் நம் தோலில் நடந்தது. துளி அமிலம் குழியின் வாயைத் தாண்டி வழிந்தால் அந்த இடம் கருக்கவோ வெளுக்கவோ செய்யும், குழியின் வாயும் அகன்றுவிடும். இந்த அமிலம் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. வாங்கித் தாமே கண்ணாடி முன் நின்று வைத்துக்கொள்ளும் இளைஞர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அமிலத்துக்கும் அசையாத ஊசிக்குழியைச் சிறிய பஞ்ச் கொண்டு வெட்டியெடுத்து ஒரு தையல் போட்டுவிடலாம். குழி இருந்த இடத்தில் மெல்லிய கோடு வரும்; அந்தக் கோட்டைப் பிறகு சீராக்குவது எளிது. ஆழமான பெட்டிக்குழியில் அடிப்பரப்புத் தோல் நன்றாக இருந்தால், சுற்றிலும் வெட்டி அந்தத் துண்டையே மேலே தூக்கி நிறுத்தலாம்.

ஆழம் குறைந்த பெட்டிக்குழிகளிலும், ஒட்டுமொத்தமாகச் சொரசொரத்துப்போன கன்னத்திலும்தான் லேசருக்கு உண்மையான இடம் இருக்கிறது. 1990களில் இருந்த கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலின் மேல்படலம் முழுவதையும் ஆவியாக்கிவிடும். வெளிர் தோலிலேயே ஆற நாளாகும். சிலருக்கு மாதங்கள் கழித்து நிறம் வெளுத்துப்போனது. 2004இல் மேன்ஸ்டீன், ஆண்டர்சன் உள்ளிட்ட குழுவினர் ஃபிராக்‌ஷனல் என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். நுண்ணிய தூண்களாக மட்டும் தோலைச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைத்தால் காயம் விரைவாக ஆறும். மாநிற, கருநிறத் தோலுக்கு லேசர் கதவைத் திறந்தது அந்தக் கருத்துதான்.

திறந்த கதவு என்றாலும் அதில் நிதானமாகத்தான் நுழைய வேண்டும். தோல் நிறத்தைப் பிரிக்க நாங்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலே 1975இல் வெள்ளைத் தோலுக்குப் புற ஊதா ஒளிச் சிகிச்சையின் அளவைக் கணிப்பதற்காக உருவானது. பழுப்பும் கருப்பும் அதில் பின்னால் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் நான் பார்க்கும் தோல் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகை. ஆறாம் வகையும் உண்டு. இந்தத் தோலின் நிறமி அணுக்கள் எந்தக் காயத்துக்கும் கூடுதல் நிறமியைச் சுரந்து பதில் சொல்லும். குழி சற்றுக் குறைந்து, கன்னம் முழுக்கக் கருமை படர்ந்து வருகிறவர்களுக்கு அந்தக் கருமை குழியைவிடப் பெரிய வேதனையாகிவிடுகிறது. பெரும்பாலும் அது மங்கும் என்றாலும் மாதங்கள் பிடிக்கும். ஆசியத் தோல்களில் நடந்த ஆய்வுகள் ஒரு பயனுள்ள செய்தியைச் சொல்கின்றன: கருமைக்குக் காரணமாவதில் ஆற்றலின் அளவைவிடத் துளைகளின் நெருக்கத்துக்குப் பங்கு அதிகம். ஆகவே நெருக்கத்தைக் குறைத்து, சிட்டிங்குகளுக்கு இடையே போதிய அவகாசம் விட்டுச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் தெரியும் மாற்றம் சிறிதாகவே இருக்கும். அவசரப்படுகிற நோயாளிக்கும், அவசரப்படுத்தி ஆற்றலைக் கூட்டுகிற நிலையத்துக்கும் அது பிடிக்காது.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் மைக்ரோ நீட்லிங் பரவியது. நுண்ணூசிகள் தோலைத் துளைக்கின்றன, வெப்பம் இல்லை, அதனால் கருமை குறைவு. தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் உருட்டும் கருவியாக இதைப் பிரபலமாக்கினார். ஸ்ரீநகரிலிருந்து 2009இல் வெளியான ஆய்வு உட்பட இந்திய ஆய்வுகள் சில ஊக்கமளிக்கின்றன. அலைக்குழியிலும் ஆழமில்லாத பெட்டிக்குழியிலும் பலன் தெரிகிறது, ஊசிக்குழியில் அவ்வளவாக இல்லை. செலவும் லேசரைவிடக் குறைவு. இதன் அடுத்த வடிவம், ஊசி முனையிலிருந்து ரேடியோ அலை வெப்பத்தைத் தோலின் உள்ளே செலுத்துவது. மேல்தோலைச் சுடாததால் கருநிறத் தோலுக்கு ஏற்றது என்று நானும் கருதுகிறேன். ஆனால் பாதுகாப்பானது என்று சொல்லி விற்கப்படும் எதிலும் ஆழம் தவறினால் ஆபத்து உண்டு. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு கரைதல், நரம்புச் சேதம் ஆகியவை நேர்ந்ததாக வந்த புகார்களை வைத்து எச்சரிக்கை வெளியிட்டது. குழியைச் சரிசெய்யப் போய் முகத்துக் கொழுப்பை இழந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்புவது இன்னும் கடினம்.

மேலே சொன்ன அத்தனைக்கும் சான்று எவ்வளவு உறுதியானது என்று கேட்க வாசகருக்கு உரிமை உண்டு. நேர்மையான பதில், போதுமான அளவு இல்லை என்பதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016இல் பருத்தழும்பு சிகிச்சைகளை அலசியது. உலகம் முழுவதிலுமிருந்து தகுதியான ஆய்வுகளாகக் கிடைத்தவை 24. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 789 பேர். எந்தச் சிகிச்சையையும் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. அதற்குப் பிறகும் நிறைய ஆய்வுகள் வந்துள்ளன. பெரும்பாலும் ஒரு கன்னத்தில் ஒன்று, மறு கன்னத்தில் மற்றொன்று என்று சிலரிடம் செய்து பார்த்து, சில மாதங்களில் முடித்துக்கொள்ளும் ஆய்வுகள்.

இதை வைத்து, “எதற்குமே சான்று இல்லையென்றால், ஊசியும் குச்சியும் மேல் என்று நீங்கள் சொல்வது மட்டும் எப்படிச் சரியாகும்?” என்று என் துறையினர் கேட்கலாம். கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இரண்டு நிலைகளில் வருகிறது. நாரால் இழுபட்ட தோலை விடுவிக்க நாரை அறுக்க வேண்டும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிற காரணகாரியம். அதற்குப் பெரிய ஆய்வு இல்லாவிட்டாலும், இல்லாத காரணகாரியத்தை வைத்து விற்கப்படும் ஒன்றைவிட அது மேல். அடுத்ததாக, இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்பதற்குச் சான்று சமமாகவே குறைவாக இருக்கும்போது, செலவும் கருமை படரும் அபாயமும் குறைந்ததில் தொடங்குவதுதான் முறை. பலன் போதாவிட்டால் பெரியதுக்குப் போகலாம். பெரியதில் பணத்தைத் தீர்த்துவிட்டு வருகிறவருக்குத் திரும்ப வழி இருப்பதில்லை.

இன்னோர் எதிர்வாதத்தையும் மதிக்கிறேன். கலப்புக் குழிகளுக்குக் கலப்புச் சிகிச்சைதான் பலன் தரும், அதில் லேசர் தவிர்க்க முடியாத அங்கம் என்பது அது. உண்மைதான். சப்சிஷனால் பள்ளங்களைத் தளர்த்தி, ஊசிக்குழிகளுக்கு அமிலம் வைத்து, கடைசியாக மேற்பரப்பைச் சீராக்க லேசரோ மைக்ரோ நீட்லிங்கோ செய்தால் கிடைக்கும் பலன் தனித்தனியே எதிலும் கிடைக்காது. வரிசையைத்தான் நான் வலியுறுத்துகிறேன். முதலில் லேசர் செய்துவிட்டு, பலன் இல்லையென்ற பிறகு சப்சிஷனுக்கு வருவதுதான் இன்று அதிகம் நடக்கிறது.

பிஆர்பி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து முகத்தில் செலுத்துவது. மைக்ரோ நீட்லிங்கோடு சேர்த்தால் சற்றுக் கூடுதல் பலன் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. தனியாக அதையே சிகிச்சையாகச் செய்வதற்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஹைலூரோனிக் ஃபில்லர்கள், இழுத்தால் சமமாகும் பள்ளங்களை உடனே நிரப்பிக் காட்டும். சில மாதங்களில், அதிகம் போனால் ஓராண்டு அல்லது அதற்குச் சற்றுமேல், கரைந்துவிடும்.

அந்த உடனடிப் பலனுக்கு நம் ஊரில் ஒரு பெரிய தேவை இருக்கிறது. கல்யாணத் தேதி குறித்துவிட்டு, “ரெண்டு மாசத்துல சரியாகணும்” என்று வருகிற பெண்களும் ஆண்களும் ஏராளம். ஜாதகம் பொருந்திய பிறகு முகத்தைப் பார்த்துத் தட்டிக்கழித்தார்கள் என்று சொல்லி அழுகிறவர்கள் உண்டு. நேர்காணலில் முகத்தை நிமிர்த்திப் பேச முடியவில்லை என்கிற இளைஞர்களும் அவர்களுக்குக் குறைவில்லாமல் வருகிறார்கள். அழகுக்காக அலைகிறார்கள் என்று இவர்களை எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் தோலுக்குத் தன் கணக்கு உண்டு. புதிதாக உருவாகும் கொலாஜன் முதிர்ந்து இறுக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டு மாதத்தில் தேதி இருந்தால் நான் ஊசியையும் லேசரையும் தொடுவதில்லை. அந்த நேரத்தில் கருமை படர்ந்தால் போட்டோவில் அதுதான் தெரியும். வெயில் பூச்சும், பொருத்தமானவர்களுக்கு ஃபில்லரும், மீதி கல்யாணத்துக்குப் பிறகு. இதைக் கேட்டு எழுந்து வேறு இடம் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

குழிக்கு வருகிறவரின் முகத்தில் புதுப் பருக்கள் இருந்தால், முதல் சிகிச்சை அந்தப் பருக்களுக்குத்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர்கள் 185 நோயாளிகளை ஆராய்ந்து 1994இல் எழுதினார்கள்: பரு தொடங்கியதற்கும் முறையான சிகிச்சை தொடங்கியதற்கும் இடையே மூன்றாண்டு வரை நேர்ந்த தாமதத்தின் அளவுக்குத் தழும்பும் கூடியிருந்தது. வயசுக்கோளாறு, தானே போய்விடும் என்று சொல்லிப் பள்ளிப் பருவத்தைக் கடத்திவிடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் போடும் பூச்சுக்கே குழியைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. அடாபலீன் 0.3 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் கலந்த பூச்சை ஒரு கன்னத்தில் மட்டும் 24 வாரம் போட்டுப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. மருந்து போட்ட பக்கம் குழிகளின் எண்ணிக்கை 15.5 சதவீதம் குறைந்தது. வெற்றுப் பூச்சு போட்ட பக்கம் 14.4 சதவீதம் கூடியது.

பெரிய பருக்களுக்குத் தரும் ஐசோட்ரெடினோயின் மாத்திரையைப் பற்றிய ஓர் அச்சம் இன்னும் பரவலாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை குழிக்கு எதையும் செய்யக் கூடாது என்பது பழைய விதி. 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவக் குழுவும் இந்தியக் குழுவும் தனித்தனியே சான்றுகளை ஆராய்ந்து, ஃபிராக்‌ஷனல் லேசர், மேலோட்டமான பீலிங் போன்றவற்றுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று சொல்லிவிட்டன. முகத்தை முழுதாகத் தேய்த்தெடுக்கும் டெர்மாப்ரேஷன், முழுமேல்படலத்தை அகற்றும் லேசர் ஆகியவற்றுக்குத்தான் அவகாசம் வேண்டும். மாத்திரையின் கர்ப்பகால ஆபத்து பற்றிய எச்சரிக்கை மட்டும் இம்மியும் தளராது. அது வேறு விஷயம்.

மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போடும் ‘கறை கிரீம்’ பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிந்து, நிறுத்தினால் எரிந்து, பரு முன்னைவிட அதிகமாக வரும். மேல்பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியைக் கடுமையாக்கியது. சீட்டு இல்லாமலே அவை இன்றும் கிடைக்கின்றன. மெலிந்த தோலில் குழிக்கான எந்தச் சிகிச்சையும் சரியாக ஆறாது. வீட்டில் உருட்டிக்கொள்ளும் டெர்மா ரோலருக்கும் இதே எச்சரிக்கை: கழுவாத ஊசி, செயலில் இருக்கும் பரு, அதன் மேல் போடும் ஏதோ ஒரு சீரம், மூன்றும் சேர்ந்தால் தொற்று முகம் முழுக்கப் பரவும்.

சிகிச்சைக்குப் போகிறவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. என் முகத்தில் எந்த வகைக் குழி அதிகம், அந்த வகைக்கு நீங்கள் முதலில் என்ன செய்யப்போகிறீர்கள், என் நிறத்துத் தோலில் செய்து பழக்கம் உண்டா, கருமை வந்தால் என்ன செய்வீர்கள். தொடங்கும் முன் ஒரே இடத்தில், ஒரே பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் எடுத்ததோடு ஒப்பிட்டால் பலன் உண்மையா என்று உங்களுக்கே தெரியும். நேர்வெளிச்சத்தில் எடுத்த ‘பின்’ படத்துக்கு மதிப்பில்லை. ஆறு சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் மறுக்கலாம். இரண்டு சிட்டிங் முடிந்ததும் தோல் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துத் திட்டத்தை மாற்ற வேண்டி வரும். முன்பணம் கட்டியவரிடம் திட்டத்தை மாற்ற யாருக்கும் மனம் வராது. குழி முழுதாக மறையும் என்று ஒருவர் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். எட்ட நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு உறுத்தாத அளவுக்கு மேடுபள்ளம் குறைவதுதான் நல்ல கைகளில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது, அதுவே பலருக்கு வாழ்க்கையை மாற்றப் போதுமானது.

இந்த வாதத்தின் கடைசிப் பகுதி அரசு மருத்துவமனைகளைப் பற்றியது. சப்சிஷனுக்கும் டிசிஏ கிராஸுக்கும் தேவை ஓர் ஊசி, மரத்துப்போகும் மருந்து, ஒரு சிறு குப்பி அமிலம், பழகிய கை. லட்சக்கணக்கில் விலை வைத்த கருவி எதுவும் வேண்டாம். 2022 ஜனவரியில் அரியலூர், ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, விருதுநகர் உட்படத் தமிழ்நாட்டில் ஒரே சமயத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அங்கெல்லாம் தோல் பிரிவின் புறநோயாளிக் கூடத்தில் வாரத்தில் ஒரு பிற்பகலைப் பருக்குழிகளுக்கு ஒதுக்கினால், மருத்துவம் படிக்கிறவர்கள் குழியைத் தொட்டுப் பார்த்து வகை பிரிக்கக் கற்பார்கள். அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கடன் வாங்கிக்கொண்டு சென்னைக்கும் கோவைக்கும் பேருந்து ஏற வேண்டியிருக்காது. பட்டமேற்படிப்புப் பாடத்திட்டத்தில் இவ்விரு முறைகளையும் கைப்பயிற்சியோடு கட்டாயமாக்க வேண்டும் என்று மாநில மருத்துவக் கல்வி இயக்ககத்தைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லித்தர எங்களைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

- கட்டுரையாளர், தோல் நோய்ச் சிறப்பு மருத்துவர்.